ஒற்றை ஓ ‘லூஸ்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்போம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். “கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள்” என்று எழுதியதாகத்தான் நினைப்பு. ஓ என்ற ஆங்கில எழுத்து ஒன்று கூடிப்போனதில் அது “கோப்பை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள்” என்று ஆகிவிட்டது. ஆடுமாடா அவிழ்த்துவிட? அந்த வெட்கத்தில் தேட ஆரம்பித்ததுதான் இந்தச் சொல்லின் கதை. தேடிய வழியையே படிப்படியாகச் சொல்கிறேன். வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வழியில் போகலாம்.

தமிழில் எழுதினால் இரண்டுமே ‘லூஸ்’தான். அதனால் இழப்பதைக் குறிப்பதை ஒற்றை ஓ லூஸ் என்றும், தளர்ந்திருப்பதைக் குறிப்பதை இரட்டை ஓ லூஸ் என்றும் வைத்துக்கொள்வோம். மரை கழன்றவன் என்று நாம் திட்டுகிற ‘லூசு’ இரட்டை ஓ கட்சி. உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: ஒற்றை ஓ லூஸின் கடைசி ஒலியில் தொண்டை அதிரும், இரட்டை ஓ லூஸில் அதிராது.

படி 1: பொருளைப் பிரித்துப் போடுங்கள்

சாவியைத் தொலைக்கிறோம், ஆட்டத்தில் தோற்கிறோம், எடையைக் குறைக்கிறோம், வழி தவறுகிறோம், அப்பாவை இழக்கிறோம். தமிழில் ஐந்து வினைகள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒற்றை ஓ லூஸ் ஒன்றே போதும். இப்படி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, இவற்றில் எது மூத்த பொருள் என்று கேளுங்கள். தேடல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 2: பழைய வடிவத்தைப் பாருங்கள்

எட்டிமான்லைன் என்ற இணைய அகராதி இலவசம். ஆரம்பத்துக்கு அது போதும். பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 1100க்கு முன்பு, இந்தச் சொல் ‘லோசியன்’. பொருள் அழிந்துபோதல், இல்லாமல் போதல். ‘லோஸ்’ என்றால் அழிவு. சாவியும் ஆட்டமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை; மூத்தது சாவுதான். நமக்கு இது புதிதல்ல. ‘இழ’ என்ற வினையிலிருந்து வந்த ‘இழவு’ இன்று சாவு வீட்டைத்தானே குறிக்கிறது? ‘தொலைந்து போ’ என்று திட்டும்போதும் வழி தெரியாமல் திண்டாடு என்றா சொல்கிறோம்?

படி 3: பக்கத்து வீட்டு உறவுகள்

பழைய ஆங்கிலத்தில் இதே குடும்பத்தில் இன்னொரு வினையும் இருந்தது: ‘ஃபர்லேயோசன்’, முற்றாக இழத்தல். அதன் இறந்தகால எச்சம் ‘ஃபர்லோரன்’. இதுதான் இன்றைய ‘ஃபர்லார்ன்’, கைவிடப்பட்ட, நாதியற்ற என்ற பொருளில்.

நடுவில் இருந்த ஸ எப்படி ர ஆனது? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே குடும்பத்துக்குள் ஸவும் ரவும் மாறி மாறி வருவது, ஆங்கிலமும் ஜெர்மனும் டச்சும் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் விதிப்படி நடப்பது. பழங்காலத்தில் சொல்லின் அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதே காரணம் என்று 1870களில் கண்டுபிடித்தவர் கார்ல் வெர்னர் என்ற டென்மார்க்காரர். ‘இருந்தான்’, ‘இருந்தார்கள்’ என்பவற்றுக்குப் பள்ளி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த ‘வாஸ்’, ‘வேர்’ ஜோடியும் இதே விதியின் மிச்சம்தான். ஜெர்மன் மொழியில் இழத்தல் ‘ஃபெர்லீரன்’, இழப்பு ‘ஃபெர்லுஸ்ட்’. முன்னதில் ர, பின்னதில் ஸ.

படி 4: வாலைப் பாருங்கள்

ஹோம்லெஸ், யூஸ்லெஸ், வயர்லெஸ். இந்த ‘லெஸ்’ குறைவு என்ற பொருளுள்ள ‘லெஸ்’ அல்ல. எழுத்து ஒன்றுதான், வேர் வேறு. பழைய ஆங்கில ‘லேயஸ்’ (அற்ற, நீங்கிய) என்பதன் வால் இது, நம் குடும்பம். புதிதாகத் தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன். ஒரே மாதிரி எழுதப்படுவதை உறவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்போது இரட்டை ஓ லூஸ்? அது உண்மையிலேயே உறவு. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘லவுஸ்’ இங்கிலாந்தில் வந்து இறங்கிய வடிவம். என் மின்னஞ்சலில் குழம்பியவை பங்காளிச் சொற்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

படி 5: தூரத்து வேர்

ஆங்கிலத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் பொதுவான மூதாதை மொழியின் வேர் ஒன்று அகராதியில் நட்சத்திரக் குறியோடு இருக்கும்: ‘லெவ்’. தளர்த்து, பிரி, அறு என்று பொருள். நட்சத்திரம் இருந்தால் அது எந்த ஏட்டிலும் இல்லாதது, அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள். அதே வேர் லத்தீனில் ‘சொல்வெரே’ ஆகி, சால்வ், டிஸால்வ் என்று ஆங்கிலத்துக்கு வந்தது. கணக்கைப் போடுவது என்றால் முடிச்சை அவிழ்ப்பது. கிரேக்கத்தில் ‘லூயின்’, அதன் பெயர்ச்சொல் ‘லூசிஸ்’. அனாலிசிஸ் என்பது பிரித்துப் பார்ப்பது, பராலிசிஸ் என்பது நரம்பு தளர்ந்துபோவது. டயாலிசிஸ் என்ற சொல்லை 1861இல் வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் கிரஹாம். கரைசலில் கலந்திருப்பவற்றைச் சவ்வு வழியாகப் பிரிக்கும் முறைக்கு அவர் வைத்த பெயர் அது. சிறுநீரக நோயாளிகளுக்கான இயந்திரம் வந்தது வெகு காலம் கழித்து.

படி 6: வீட்டுப்பாடம்

‘ஃபர்லார்ன் ஹோப்’ என்று ஒரு தொடர் உண்டு. கேட்டால் நம்பிக்கை இழந்த நிலை என்று தோன்றும். உண்மையில் அது டச்சு மொழியின் ‘ஃபெர்லோரன் ஹோப்’. டச்சில் ‘ஹோப்’ என்றால் குவியல், கூட்டம். கோட்டைச் சுவரை நோக்கி முதலில் ஓட அனுப்பப்பட்ட, திரும்பி வருவது சந்தேகமான படைப்பிரிவுக்கு அந்தப் பெயர். ஆங்கிலேயர் காதில் அது நம்பிக்கையாக விழுந்துவிட்டது. சரி, இனி உங்கள் முறை: ஃபர்லார்னின் முன்னால் இருக்கும் அந்த ‘ஃபர்’ ஃபர்கெட்டிலும் ஃபர்கிவ்விலும் என்ன வேலை செய்கிறது என்று தேடிப் பாருங்கள். ‘முன்’ என்ற பொருளுள்ள ‘ஃபோர்’ அல்ல அது. அதுவும் படி 4இல் சொன்ன மாதிரி ஒரு பொறிதான்.