குரோமிலிருந்து பயர்பாக்ஸுக்கு: புக்மார்க்குகளைக் கோப்பாக எடுத்துச் செல்லும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது நான் வாங்கிய மடிக்கணினி இன்னமும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகிறது. அதிலுள்ள குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023-இல் வெளிவந்த 110-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 7-இல் ஏறமாட்டா. சென்ற மாதம் என் மகன் தான் பயன்படுத்திய கணினியை எனக்குக் கொடுத்தான். அதில் விண்டோஸ் 11 இருந்தது. உலாவியாகப் பயர்பாக்ஸை நான் நிறுவிக்கொண்டேன். செம்பனைக் குலை விலை பார்க்கும் பக்கம், சேமநிதி வாரியப் பக்கம், பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) படிவங்கள், தமிழ்ச் செய்தித் தளங்கள் எனப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நானூற்றுச் சொச்சம் புக்மார்க்குகள் (சேமித்த பக்க முகவரிகள்) மட்டும் பழைய கணினியிலேயே கிடந்தன. அவற்றைக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் செலவாயிற்று. வழி தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை.

பயர்பாக்ஸ் தானாகவே குரோமிலிருந்து புக்மார்க்குகளை எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. இரண்டு உலாவிகளும் ஒரே கணினியில் இருந்தால்தான் அது பயன்படும். என்னைப் போல் கணினியையே மாற்றுபவர்கள் புக்மார்க்குகளை ஒரு கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவதே சிறந்தது. ஒரே கணினியில் இரண்டு உலாவிகளும் உள்ளவர்களுக்குங்கூட நான் இந்த வழியையே சொல்வேன். ஏனெனில் ஏதாவது பிசகினாலும் அந்தக் கோப்பு நம் கையிலேயே இருக்கும். இதற்கென்று நீட்சிகளையோ (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்கள்), புக்மார்க்குகளைத் தங்களிடம் வாங்கி வைத்துக்கொள்ளும் இணையச் சேவைகளையோ நான் நாடுவதில்லை. நாம் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போகிறோம் என்ற பட்டியலை முன்பின் தெரியாதவரிடம் ஏன் ஒப்படைக்க வேண்டும்?

முதலில் பழைய கணினியில் குரோமைத் திறந்து, கன்ட்ரோல், ஷிப்ட், ஓ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். புக்மார்க் மேனேஜர் திறக்கும். அதன் வலப்பக்க மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். உலாவியின் சன்னலுக்கே உரிய மூன்று புள்ளிகள் அவற்றுக்கும் மேலே இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் புள்ளிகளைச் சொடுக்கி, 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைப் பென்டிரைவில் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே அன்றைய தேதியும் சேர்ந்து வரும்.

இந்தக் கோப்பு ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, அதாவது வலைப்பக்க வடிவில் உள்ள கோப்பு. ஆகையால் அதன்மேல் இருமுறை சொடுக்கினால், நீல நிற இணைப்புகள் வரிசையாக அடுக்கிய ஒரு வலைப்பக்கமாகத் திறந்துகொள்ளும். அதைக் கண்டு புக்மார்க்குகள் வந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். அது வெறும் பார்வைக்கு மட்டுமே. ஒருமுறை அதை நோட்பேடில் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே 'நெட்ஸ்கேப்' என்ற பெயர் இருந்தது. 1994-இல் வந்து, பின்னர் வழக்கொழிந்து போன அந்த உலாவியின் கோப்பு வடிவத்தைத்தான் இன்றைய உலாவிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்துகின்றன. அதனால் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் எடுத்த கோப்பையும் இதே போல் பயர்பாக்ஸில் ஏற்றலாம்.

இனிப் புதிய கணினியில் பயர்பாக்ஸைத் திறந்து அதே மூன்று விசைகளை அழுத்துங்கள். 'லைப்ரரி' என்ற சன்னல் வரும். அதன் மேற்பட்டையில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' என்பதைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'இம்போர்ட் புக்மார்க்ஸ் ஃபிரம் ஹெச்டிஎம்எல்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பென்டிரைவில் உள்ள கோப்பைக் காட்டுங்கள். அதே பட்டியலில் உள்ள 'ரெஸ்டோர்' என்பதன் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். இம்போர்ட் இருப்பதோடு சேர்க்கும். ரெஸ்டோர் இருப்பதை எல்லாம் நீக்கிவிட்டுப் பழைய நகலை அந்த இடத்தில் வைக்கும்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்ததுதான். கோப்பைக் காட்டினேன், சன்னல் மூடிக்கொண்டது, 'முடிந்தது' என்றோ 'பிழை' என்றோ ஒரு செய்தியும் வரவில்லை. குரோமில் முகவரிப் பட்டைக்குக் கீழே வரிசையாக நின்ற என் புக்மார்க்குகளில் ஒன்றுகூடப் பயர்பாக்ஸில் அந்த இடத்தில் தென்படவில்லை. சரியாக ஏறவில்லை போலும் என்று மறுபடியும் அதே கோப்பைக் காட்டினேன். பசியாறிவிட்டு வந்து, பென்டிரைவில்தான் கோளாறு என்று முடிவு செய்து, கோப்பைக் கணினிக்கே நகலெடுத்து மூன்றாம் முறையும் ஏற்றினேன். மாலையில் தற்செயலாக லைப்ரரியின் இடப்பக்கத்தில் 'புக்மார்க்ஸ் மெனு' என்பதைச் சொடுக்கியபோது, என் நானூறும் மும்மடங்காகப் பெருகி அங்கே உட்கார்ந்திருந்தன.

நடந்தது இதுதான். பயர்பாக்ஸ், கோப்பிலிருந்து வருவன அனைத்தையும் 'புக்மார்க்ஸ் மெனு'வுக்குள்தான் வைக்கும். குரோமின் பட்டையில் இருந்தவை 'புக்மார்க்ஸ் பார்' என்ற ஓர் உறையாக (ஃபோல்டர்) அதனுள் இருக்கும்; மற்றவை அதற்குக் கீழே இருக்கும். போதாததற்கு, பயர்பாக்ஸின் புக்மார்க் கருவிப்பட்டை இயல்பாகப் புதிய தாவலில் மட்டுமே காட்சி தரும். ஒரே கோப்பை எத்தனை முறை ஏற்றினாலும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பயர்பாக்ஸ் பார்ப்பதில்லை. ஏற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும்.

ஆகவே ஒரே முறை ஏற்றுங்கள். பிறகு அந்தப் 'புக்மார்க்ஸ் பார்' உறையைத் திறந்து, கன்ட்ரோல், ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல், எக்ஸ் அழுத்தி வெட்டுங்கள். இடப்பக்கத்தில் 'புக்மார்க்ஸ் டூல்பார்' என்பதைச் சொடுக்கி அதனுள் ஒட்டுங்கள். லைப்ரரியை மூடிவிட்டுக் கன்ட்ரோல், ஷிப்ட், பி விசைகளை அழுத்தினால் பட்டை எல்லாப் பக்கங்களிலும் நிலையாகத் தெரியும். மூன்று முறை ஏற்றியவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், கூடுதலான உறைகளை முழுதாக அழித்துவிடலாம். உறைக்கு வெளியே நிற்பவற்றை ஒவ்வொன்றாகத்தான் களைய வேண்டியிருக்கும். அன்றிரவு என் வேலை அதுவாகத்தான் இருந்தது.

புக்மார்க்குகளோடு கடவுச்சொற்கள் வாரா. அவை தனி வேலை.

பின்னர்ச் சேர்த்தவை:

இதைப் படித்துவிட்டு எங்கள் தாமானை (குடியிருப்புப் பகுதியை) சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஐயா, என் உறைகளின் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன" என்றார். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு நீக்கப்பட்ட பின்னும் அதன் பயிற்சித்தாள் இணைப்புகள் நூற்றுக்கு மேல் அவரிடம் இருந்திருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, வேண்டியவற்றை மட்டும் கோப்பிலிருந்து நகலெடுத்துப் பழைய கணினியின் நோட்பேடில் ஒட்டிச் சேமித்திருக்கிறார். யூனிகோட் எழுத்துகள் தொலைந்துபோகும் என்று நோட்பேட் எச்சரித்ததை அவர் படிக்காமலே ஓகே அழுத்தியிருக்கிறார். 'நான்காம் ஆண்டு அறிவியல்' என்றிருந்த உறை '???????? ????? ????????' என்று நின்றது. பழைய விண்டோஸின் நோட்பேட் புதிய கோப்பை இயல்பாக, தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆன்சி முறையில் சேமிப்பதே காரணம். சேமிக்கும்போது கீழேயுள்ள 'என்கோடிங்' பெட்டியில் யூடிஎஃப்-8 என்று மாற்றியிருந்தால் தமிழ் பிழைத்திருக்கும். கேள்விக்குறியாகிவிட்ட பெயர்களை மீட்க முடியாது. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி தொடங்கினோம். என்னைக் கேட்டால் கோப்பில் கைவைக்கவே வேண்டாம். முழுவதையும் ஏற்றிவிட்டு, வேண்டாதவற்றைப் பயர்பாக்ஸுக்குள்ளேயே அழியுங்கள்.

இன்னொருவருக்குக் கோப்பில் நான்கே புக்மார்க்குகள் இருந்தன. அவர் வீட்டில் ஒரே குரோமை மகளும் தனிப் புரொஃபைல் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அவர் எடுத்தது மகளுடைய புரொஃபைலிலிருந்து. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் புக்மார்க்குகள் தனித்தனி என்பதால், எக்ஸ்போர்ட் செய்யுமுன் மேலே உள்ள வட்டப் படம் உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்போர்ட் வசதி இல்லை. கைப்பேசியில் உள்ள அதே கூகுள் கணக்கைக் கணினியின் குரோமில் திறந்து, ஒத்திசைவை (சிங்க்) இயக்கி, எல்லாம் வந்து சேர்ந்த பின் அங்கிருந்து கோப்பாக எடுக்க வேண்டும். கைப்பேசியின் பயர்பாக்ஸுக்கும் கோப்பை நேரே ஏற்ற இயலாது. கணினியின் பயர்பாக்ஸில் ஏற்றிவிட்டு, இரண்டிலும் ஒரே மொசில்லா கணக்கில் நுழைந்தால் அவை தாமாகவே கைப்பேசிக்கு வந்து சேரும்.