ஓவிய மன்றத்தில் நீர்வண்ணச் செய்முறை விளக்கம் நடத்துவது எப்படி?

கும்பகோணத்தில் எங்கள் ஓவிய மன்றம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. ஓவியர் ஒருவரை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஒரு படத்தை வரைந்து காட்டச் சொல்கிறோம். ஊரில் அரசு கவின்கலைக் கல்லூரி இருப்பதால் ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை. ஏற்பாடுகள் என் பொறுப்பு. புதிதாக மன்றம் தொடங்குகிறவர்களுக்காக, அதிலும் நீர்வண்ணத்தை மனத்தில் வைத்து, இதை எழுதுகிறேன்.

பார்க்க வந்தவர்களுக்குத் தாள் எவ்வளவு தெரிகிறதோ, அதே அளவுக்கு வண்ணத்தட்டும் தெரிய வேண்டும். நான் முதலில் கவனிப்பது இதைத்தான். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிறம், தூரிகையைத் துணியில் ஒற்றுவதா வேண்டாமா என்பதெல்லாம் தட்டில்தான் முடிவாகின்றன. தாளை மட்டும் பார்த்தவர், படம் அழகாக வந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். தட்டையும் பார்த்தவர் மறுநாள் காலையில் தானே வரைய உட்காருவார்.

ஆகவே கைப்பேசியை மேசைக்கு மேலே ஒரு தாங்கியில் கவிழ்த்துப் பொருத்துங்கள். தாள், தட்டு, தண்ணீர்க் கிண்ணம் மூன்றும் சட்டகத்துக்குள் வரட்டும். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துவிடலாம். அந்த வசதி இல்லையென்றால், ஓவியருக்கு எதிரே நாற்காலி போடாதீர்கள். அவருடைய தோளுக்குப் பின்னால் அரைவட்டமாகப் போடுங்கள். அவர் பார்க்கும் கோணத்திலேயே வந்தவர்களும் பார்ப்பார்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் கை நிழலே படத்தின் மேல் விழும். மஞ்சள் பல்பு வேண்டாம். அதன் கீழ் நீலம் சாம்பலாகத் தெரியும்.

அடுத்தது மின்விசிறி. நம் ஊர்க் கூடங்களில் இதைப் பலரும் நினைப்பதே இல்லை. வானத்துக்கு ஒரே வீச்சில் வாஷ், அதாவது நீர்த்த நிறப் பூச்சு, கொடுக்கும்போது, நிறம் கலந்த நீர் தூரிகைக்குக் கீழே ஒரு மணியாகத் திரண்டு நிற்கும். பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்து, அந்த மணியை அறுந்துபோகாமல் வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். தலைக்கு மேல் விசிறி சுழன்றால், தூரிகை திரும்பி வருவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். எனவே ஓவியருக்கு மேலிருக்கும் விசிறியை மட்டும் நிறுத்துங்கள், மற்றவை ஓடட்டும். சித்திரை வெயிலில் அதுவும் போதாது. தாளின் இரு பக்கத்தையும் நனைத்து, பிளாஸ்டிக் அட்டை மேல் படிய வைத்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். ஐப்பசி மழையில் நேர் எதிர்; எதுவும் சீக்கிரம் காயாது, கூட்ட நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளாக இருக்கட்டும். முழுத்தாள் 22×30 அங்குலம். அதில் கால்பங்கான 11×15 போதும், இரண்டு மணி நேரத்தில் நிதானமாக முடியும். பொருளையும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் ஒரே படத்தில் அடக்கச் சொல்லாதீர்கள். ஒரு மண்டபம், அதன் நிழல், கொஞ்சம் தண்ணீர் போதும். பென்சில் கோட்டோவியத்தை ஓவியர் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

படம் தொடங்குவதற்கு முன், ஒரு துண்டுத்தாளில் இரண்டு காரியங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் ஏறினால் மழைமேகம், பழுப்பு ஏறினால் பழைய கல்தூண். ஒரே கலவையிலிருந்து இரண்டும் பிறப்பதைப் பார்க்கும்போது கூடம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காரும். இரண்டாவது, பாதி காய்ந்த வாஷில் நீர் ததும்பும் தூரிகையை வேண்டுமென்றே வைப்பது. புது நீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போலக் கறை விரியும். எப்போது தொடக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நல்ல ஓவியர்கள் பலர் வரையும்போது பேச மாட்டார்கள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் தாழ்ந்த குரலில் கேள்வி கேட்கட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு மாணவி, “சார், இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். “மினுமினுப்பு அடங்கட்டும் அம்மா” என்றார் ஓவியர். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒளியில் சாய்த்துக் காட்டினார். ஈரப் பளபளப்பு மெல்ல மங்கியது. பிறகு புறங்கையை வைத்து, “இன்னும் சில்லென்று இருக்கிறது, உள்ளே ஈரம் போகவில்லை” என்றார். முதல் வாஷ் காயும்போது ஹேர் டிரையரை எடுக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். காத்திருப்பதும் கண்ணால் பார்த்துப் பழக வேண்டிய வேலை. மற்றவர்களின் கேள்விகளையும் அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். தூரிகை தாளில் இருக்கும்போது யாரும் கேட்க வேண்டாம்.

தஞ்சாவூர் பாணி ஓவியம் வரைபவர் வந்தால் இந்த ஏற்பாடு செல்லாது. சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்து எழுப்பும் புடைப்பு காய்ந்த பிறகுதான் தங்க ரேக்கு ஒட்ட முடியும். துணி ஒட்டிய பலகை, கோடு போட்டது, கல் பதித்துப் புடைப்பு எழுப்பியது, ரேக்கு ஒட்டியது என நான்கு பலகைகளை அவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் சிறிது வேலை செய்து காட்டினால் முழுப் பாதையும் விளங்கிவிடும்.

ஓவியருக்குச் சால்வை மட்டும் போர்த்தி அனுப்பாதீர்கள். இரண்டு மணி நேர விளக்கத்துக்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது; அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். தொகையை அழைக்கும்போதே சொல்லிவிட்டு, பஸ் செலவையும் சேர்த்து அன்றைக்கே உறையில் வைத்துக் கொடுங்கள். வரைந்த படம் அவருடையது. மன்றத்துக்கு வேண்டுமென்றால் தனியாக விலை பேசி வாங்குங்கள்.

கடைசி அரைமணி நேரத்தில் எல்லோரும் வரைய வேண்டும். முழுப்படம் வேண்டாம், மேலே அடர்த்தியாகத் தொடங்கி அடிவானத்தில் வெளுக்கும் ஒரு வான வாஷ் மட்டும். உள்ளங்கையளவு தாள் துண்டுகளை முன்பே வெட்டி, மாஸ்கிங் டேப்போடு ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்துவிடுங்கள். ஓவியர் மேசை மேசையாக வரட்டும். தூரிகையில் நீர் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை மட்டும் அவர் சொன்னால் போதும்.