கறுப்பின மாணவர்களுக்கான இதய, மூளை ஆய்வு உதவித்தொகை: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

கனடாவில் ஹார்ட் அண்ட் ஸ்ட்ரோக் அமைப்பும் பிரெய்ன் கனடாவும் சேர்ந்து, இதய, மூளை நல ஆய்வில் இறங்கும் கறுப்பின மாணவர்களுக்கென்று உதவித்தொகை தருகின்றன. அங்கே குயின்ஸ் பல்கலைக்கழகம் 1918-ல் கறுப்பின மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பின் கதவைச் சாத்தியது. அந்தத் தீர்மானத்தை முறைப்படி நீக்கியது 2018-ல்தான். வெகு தாமதமாக வந்த நியாயம் இந்தப் பணம். அதைச் சின்னத் தவறுகளால் யாரும் இழந்துவிடக் கூடாது.

‘எலி வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்குத்தானே இது’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, பக்கவாதத்துக்குப் பிறகான மறுவாழ்வு, பொதுச் சுகாதாரம் எல்லாமே இதய, மூளை நலம்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் படிக்காமல் நீங்களாகவே விலகாதீர்கள்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு, இனத்தையே நோய்க்குக் காரணமாக எழுதுவது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாளணு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கறுப்பினத்தவரின் நோய் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் 1952-லேயே அதைக் கண்டறிந்தார்கள். அந்த மரபணு மலேரியா இருந்த ஊர்களில் பரவியது, தோல் நிறம் பார்த்து அல்ல. அதனால் எந்தக் காரணத்தை அளக்கப்போகிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்: மரபணுவா, வருமானமா, மருத்துவமனையில் கிடைக்கும் கவனிப்பா?

அடுத்தது, பொதுமக்களுக்கான சுருக்கம். ‘அரிவாளணு நோயுள்ள சிறாரில் பெருமூளைத் தமனிக் குருதியோட்ட வேகத்தின் முன்கணிப்பு மதிப்பு’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘குழந்தையின் தலையில் வலியில்லாத ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தால், பக்கவாத ஆபத்து யாருக்கு அதிகம் என்று தெரிந்துவிடும். அந்தக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியபோது பக்கவாதம் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றும் இந்தச் சோதனை கிடைக்காத குழந்தைகளுக்கு அது ஏன் கிடைப்பதில்லை என்று பார்க்கப்போகிறேன்.’

பாட்டிக்குப் பக்கவாதம் வந்ததால்தான் இந்தத் துறைக்கு வந்தீர்களா? அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் இரண்டு வரி போதும். அப்புறம் நேராக ஆய்வுக் கேள்விக்கு வந்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேட்டு, உங்கள் விண்ணப்ப வரைவையும் கூடவே அனுப்பிவையுங்கள். கையில் ஒன்றும் இல்லாத பேராசிரியர் ‘நல்ல மாணவி, கடின உழைப்பாளி’ என்று எழுதி முடித்துவிடுவார். வரைவைப் படித்தவர், அந்த அல்ட்ராசவுண்ட் கருவியை நீங்கள் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதையை எழுதுவார்.