சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீராக்குவது பற்றி ஊரில் பேசப் போகிறீர்களா?

முதலில் நேரம் பாருங்கள். குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் மைனசுக்குப் போய், குழாயில் தண்ணீர் வந்து நாள் கணக்காகி, நாகர்கோவில் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால், வேறு வழியில்லாமல் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்ற ஊரில் அணைகள் வற்றிக்கொண்டிருந்த 2006-ல்தான் இதற்கான வாக்கெடுப்பு நடந்தது, சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதனால் மழை பெய்து குளங்கள் நிறைந்திருக்கும் ஐப்பசியிலேயே ஆரம்பியுங்கள்.

"சாக்கடத் தண்ணியையா மக்கா குடிக்கச் சொல்லுதே?" என்று ஒரு பாட்டி கேட்பார். அவருக்கு விவரம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சாக்கடையிலிருந்து குடிநீரைப் பிரித்து வைத்ததால்தான் காலராவிலிருந்து தப்பினோம், அந்த அருவருப்பு நம்மைக் காப்பாற்றிய அருவருப்பு. முழுதாகப் பேசவிட்டுக் கேளுங்கள். அப்புறம் பழையாற்றைப் பற்றிப் பேசுங்கள். ஊர்க் கழிவெல்லாம் அதில் கலந்து, வயல்களையும் சுசீந்திரத்தையும் தாண்டி மணக்குடியில் கடலுக்குப் போகிறது, சுத்தம் செய்யாத கழிவுநீரோடு நாம் இப்போதே புழங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சுத்திகரிப்பை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், மெல்லிய சவ்வு வடிகட்டும், அதன்பின் ஆர்.ஓ., கடைசியில் புற ஊதாக் கதிர். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பாதி உடனே புரியும். நமீபியாவின் விண்டூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராகத் தருகிறது. சிங்கப்பூர் 2003-ல் தொடங்கியது, அங்கே பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொஞ்சம்தான் நீர்த்தேக்கத்தில் மழைநீரோடு கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு வீட்டுக்கு வருகிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் தயாராகும் நீரும் தொழிற்சாலைகளுக்குத்தான். இதை மறைக்காமல் சொல்லுங்கள், முதலில் தொழிற்சாலை, பிறகு நீர்த்தேக்கம், கடைசியில் வீடு என்ற வரிசையில் போனால் நம் ஊரிலும் பயம் குறையும்.

"பயப்படாதீங்க" என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே வேண்டாம். பரிசோதனை முடிவை வார்டிலேயே எல்லோரும் பார்க்கிற இடத்தில், தமிழில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நாள் முடிவு சரியில்லை என்றால் யார் வால்வை மூடுவார், எவ்வளவு நேரத்தில் மூடுவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலப்பதையே வாரக்கணக்கில் சரி செய்யாத ஊரில் இதற்கு ஒப்புதல் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்பேன், முதலில் அந்தக் குழாய்.

கேமரா முன்னால் ஒரு தலைவர் ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினால் மக்கள் நம்பப் போவதில்லை. அவர் வீட்டுக்கும் அதே குழாய்தானா என்று கேளுங்கள்.