புது பிஸ்டல் மாட்டிக்கொள்கிறதா? அரத்தைக் கீழே வையுங்கள்

தமிழக-கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம், இந்தப் பக்கம் வீடு என்று இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். கூலிப்பணத்தை வைத்துக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவர்கள் என்பதால் சிலர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் பட்டாளத்தில் ஆயுதம் கழற்றி மாட்டியவன். அதனால் புதுசாக வாங்கியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். "அண்ணே, இவ்வளவு காசு கொட்டியும் மூணாவது ரவுண்டுலயே மாட்டிக்குது. பிஸ்டலே சரியில்ல."

பெரும்பாலும் பிஸ்டல் சரியாகத்தான் இருக்கும். முதலில் மேகசினைப் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் கூடு) பாருங்கள், அடுத்து தோட்டாவை, அப்புறம் உங்கள் கையை. மூன்றிலும் குறை இல்லை என்று தெரிந்த பிறகு பிஸ்டலைக் குற்றம் சொல்லலாம்.

எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் பிஸ்டலைக் காலி செய்ய வேண்டும். அதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. பதற்றத்தில் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) முதலில் இழுத்து, பிறகு மேகசினைக் கழற்றுகிறார்கள். இழுத்து விட்டபோதே அடுத்த தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பக்கத்து அறைக்குள், போய் உட்கார்ந்துவிட்டது. கையில் இருப்பது காலி பிஸ்டல் என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பார். விசையில் விரல் கூடாது, குழல்வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்க வேண்டும், முதலில் மேகசின் வெளியே, பிறகுதான் ஸ்லைடு. கடைசியில் சேம்பரைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள்.

மாட்டியது எப்படி மாட்டியது என்று பார்க்காமலே எல்லாவற்றையும் 'ஜாம்' என்று சொல்லிவிடுவது இன்னொரு தவறு. சுட்டு முடிந்த வெற்றுக் குப்பி வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நின்றால் அது வெளியேற்றும் பக்கத்துக் கோளாறு. புதுத் தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு பாதியில் நின்றால்தான் ஊட்டும் பக்கத்துக் கோளாறு. ஸ்லைடு முழுசாகப் போய் மூடிவிட்டது, ஆனால் சேம்பர் காலி என்றால், மேகசின் கடைசிவரை ஏறி 'டக்' என்று பூட்டவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் இங்கே தனியார் கையில் இருப்பது பெரும்பாலும் .32 அங்குல ரகம்தான். ஜான் பிரவுனிங் 1899 வாக்கில் வடிவமைத்த தோட்டா அது. அதன் அடிவிளிம்பு உடம்பைவிட அரை மில்லிமீட்டர் அகலம். அந்த அரை மில்லிமீட்டர்தான் வில்லங்கம். மேகசினுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், ஸ்லைடு தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் வந்த தோட்டக்காரரின் மேகசினை வாங்கி, மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்கினேன். ஸ்பிரிங் மேல் இருக்கிற தோட்டா அமுங்கி எழ வேண்டும். இது கல் மாதிரி நின்றது, மூக்கும் லேசாகக் கீழே தொங்கியது. ஒவ்வொன்றாக வெளியே தள்ளினோம். மூன்றாவது வரவில்லை. பக்கத்துத் துளை வழியே பார்த்தால் அதன் விளிம்பு நான்காவதன் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. இந்தப் பூட்டு விழுந்துவிட்டால் ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. மேகசினைக் கழற்றி, காலி செய்து, திரும்ப அடுக்க வேண்டியதுதான். அவசரமாகத் திணிக்காமல், ஒவ்வொரு தோட்டா போட்ட பிறகும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தால் தொல்லை பாதி தீரும். மூக்கு குழிந்த குட்டைத் தோட்டாக்களில் இது அதிகம், ஏனென்றால் முன்னும் பின்னும் நகர இடம் இருக்கிறது.

கைக்கு வருவோம். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாகக் கொண்டுபோய் விடுகிறவர்கள் பலர். புதுப் பொருள், அடிபட்டுவிடுமோ என்ற பயம். ஆனால் தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளுவது அந்த ஸ்பிரிங்கின் வேகம்தான். முழுசாக இழுத்து, கையை விட்டுவிடுங்கள். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தாலும் இதே கதை. பிஸ்டல் முழுக்கப் பின்னால் போய்விட்டால் ஸ்லைடு பாதி தூரத்திலேயே திரும்பி, அடுத்த தோட்டாவைப் பிடிக்காமல் விட்டுவிடும். சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் நீங்கள் பக்கத்தில் நிற்க, பயிற்சியாளர் அதே மேகசினோடு சுட்டுப் பார்க்கட்டும். அவர் கையில் ஓடினால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். இதைத் தோட்டத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். எல்லை தாண்டி எடுத்துப் போகிறவர்கள், லைசென்ஸில் எந்தெந்த மாநிலத்துக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதையும் ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருந்து எடுத்ததும் சுடக்கூடாது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டிக் கிரீஸ் உள்ளே இருக்கும். அதைத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மேகசினுக்குள் எண்ணெயே வேண்டாம். அது தூசியைச் சேர்க்கும், தோட்டாவின் அடி மருந்தையும் கெடுக்கும்.

தோட்டாவைச் சேமித்து வைக்கிற பழக்கமும் கெடுதல். வாங்கக்கூடிய எண்ணிக்கை லைசென்ஸிலேயே எழுதியிருப்பதால், தீர்ந்துவிடுமே என்று அப்பா காலத்துத் தோட்டாவைக்கூட வைத்திருக்கிறார்கள். மலை ஈரத்தில், தோல் உறைக்குள் கிடந்து பச்சை பூத்த தோட்டா சேம்பருக்குள் வழுக்கிப் போகாது. அதைவிட மோசம், மருந்து வலுவிழந்து 'புஸ்' என்று மட்டும் சத்தம் வருவது. அந்த நிமிஷமே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். விசையை இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், குழல்வாயைத் திருப்பாமல் 30 விநாடி அப்படியே பிடித்திருந்துவிட்டுக் காலி செய்யுங்கள்.

கடைசியாக அரம். தோட்டா ஏறும் சரிவுப் பாதை சொரசொரப்பாக இருக்கிறது என்று லேத் பட்டறையில் கொடுத்து அரமும் உப்புத்தாளும் போட்டுத் தேய்க்கிறார்கள். சரிவின் கோணம் மாறிவிட்டால் அப்புறம் சரி செய்ய முடியாது. அதிகமாகத் தேய்ந்தால் சேம்பரின் அடிப்பக்கத்தில் குப்பிக்குப் பிடிமானம் குறையும். வாரண்டியும் போச்சு. போதாக்குறைக்கு, 1959 ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் ஆயுதம் பழுது பார்ப்பதே குற்றம். நானே சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாமல் யாருடைய பிஸ்டலையும் தொடமாட்டேன், தொட்டாலும் துடைப்பதோடு சரி.

அரத்துக்குப் பதிலாக ஒரு நோட்டு எடுங்கள். மேகசின்களின் அடியில் பெயிண்டால் 1, 2 என்று எழுதி, எந்த மேகசினில், எத்தனையாவது ரவுண்டில், எப்படி மாட்டியது என்று குறித்து வையுங்கள். நான் சொன்ன தோட்டக்காரருக்கு, அடுக்கும் முறை சரியான பிறகும் இரண்டாம் நம்பர் மேகசின் மட்டும் மாட்டிக்கொண்டே இருந்தது. தோட்டாவை மேலே பிடித்து நிறுத்தும் அதன் உதடு ஒரு பக்கம் விரிந்திருந்தது. நோட்டைக் காட்டியதும் வாங்கின கடையிலேயே பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அவசரப்பட்டு அவர் வாங்கி வைத்திருந்த அரத்தில் இப்போது கவாத்துக் கத்தி தீட்டுகிறார்கள்.