ஃப்ரீலேண்டருக்கு அடியில் ஒரு உருளை: விஸ்கஸ் கப்ளிங் எப்படி வேலை செய்கிறது?

1997-ல் வந்த முதல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் ஏறி உட்கார்ந்து ஃபோர்வீல் லீவரைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான மேட்டில் மெதுவாக, பலமாக இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியரும் இல்லை. பின்சக்கரத்துக்கு எப்போது இழுவை போக வேண்டும் என்பதை அடியில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் என்ற ஓர் உருளையே பார்த்துக்கொள்கிறது.

முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுக் குனிந்து பாருங்கள். முன்னாலிருந்து பின் டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) போகும் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் குண்டாகத் தெரிவதுதான் கப்ளிங். (பிரிட்டனில் ரிப்பேர் செலவுக்குப் பயந்து ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்!)

அப்புறம் உள்ளே. மெல்லிய வட்டத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒன்று வெளிக்கூட்டோடு சுற்றும், அடுத்தது நடு ஷாஃப்டோடு, இப்படியே மாறி மாறி. இடையில் கெட்டியான சிலிக்கோன் திரவம், கூடவே கொஞ்சம் காற்று. அந்தக் காற்றில்தான் விஷயமே இருக்கிறது.

நல்ல சாலையில் இரண்டு வகைத் தகடும் ஏறக்குறைய ஒரே வேகம், பிரச்சினை இல்லை. சேற்றில் முன்சக்கரம் வழுக்கினால் ஒரு பக்கத் தகடுகள் வேகமாகச் சுற்ற, மறுபக்கம் பின்தங்க, நடுவில் மாட்டிய திரவம் இழுபட்டுச் சூடாகும். சூட்டில் அது கெட்டியாகிறது என்று பலர் எழுதுகிறார்கள், தப்பு. சிலிக்கோனும் சூட்டில் இளகத்தான் செய்யும். ஆனால் விரியும். விரிந்து காற்றின் இடத்தையும் அடைத்து, அழுத்தம் ஏறி, தகடுகள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும்போதுதான் பின்சக்கரம் முழுமூச்சாக இழுக்கும். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் சேற்றில் நின்று நின்று போகாதீர்கள், சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள்.

சரி, சோதனை. காலியான தார்த்தரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ரிவர்ஸில் மெதுவாக நகர்ந்து, கிளட்சை மிதியுங்கள். வண்டி உருள வேண்டும். யாரோ பிரேக் பிடித்தது போல நின்றால், பிரேக் ஒட்டவில்லை என்று உறுதி செய்துவிட்டு, கப்ளிங்கைச் சந்தேகப்படுங்கள். வயதாக ஆக அது இறுகும். இறுகினால் அடி வாங்குவது அதைவிட விலை அதிகமான முன் டிரான்ஸ்ஃபர் கியர்பெட்டி, அதாவது இழுவையைப் பின்னால் போகும் ஷாஃப்டுக்கு அனுப்பும் பெட்டி.

கப்ளிங்குக்குள் தகடுகள் தேவையில்லாமல் வெவ்வேறு வேகத்தில் சுற்றாமல் இருக்க, டயர் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டால், முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப்போக விடாதீர்கள், லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.