ரெய்டு படுத்துவிட்டதா? தகவலை நாமே அழித்துவிடும் தவறுகள்

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தகவலை வைக்கும் முறைதான் ரெய்டு. அப்படி அமைத்த நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) பீப் அடிக்கிறது, ஒரு விளக்கு சிவப்பாகிவிட்டது, வால்யூம் (டிஸ்க்குகள் சேர்ந்து தரும் சேமிப்பிடம்) திறக்கவில்லை. இந்த நிமிடத்தில் உங்கள் படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் டிஸ்க்குகளில் அப்படியே இருக்கும். அவை மீட்க முடியாமல் போவது, இதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தில் நாம் செய்யும் வேலைகளால்தான் அதிகம். தவறுகள் பல வகையாகத் தெரிந்தாலும், அநேகமாக எல்லாமே மூல டிஸ்க்கில் எதையாவது எழுதிவிடுவதில்தான் முடிகின்றன.

முதலில் கை போவது ரீஸ்டார்ட்டுக்கு. ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் பெட்டி எழும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குகளைச் சேர்க்கப் பார்க்கும், ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னலை (பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பேட்டை) ஓட்டும், சில சமயம் ரீசிங்க்கையும் (டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பதையும்) தானாகவே தொடங்கிவிடும். இத்தனையும் எழுதும் வேலைகள். டிக் டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்காக இருந்தால், ஒவ்வொரு முறை சுழலும்போதும் பழுதான ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) தகவல் இருக்கும் தட்டைக் கீறக்கூடும். அதனால் அணைத்துவிடுங்கள். டிஸ்க்குகளை வெளியே எடுக்கும் முன், எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரால் எழுதி, சீரியல் எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து, புது டிஸ்க்கைச் செருகி உடனே ரீபில்ட் கொடுப்பது. ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு வகை) ஒரு டிஸ்க் போனால், மிச்சமிருக்கும் டிஸ்க்குகளின் தகவலையும் பேரிட்டியையும் (போனதைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவலையும்) சேர்த்துக் கணக்கிட்டுத்தான் போனதைத் திரும்ப எழுத வேண்டும். அதற்கு மிச்ச டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். இந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு தேய்ந்தவை. வருஷக்கணக்கில் யாரும் தொடாத செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) ஒன்று கெட்டுப்போயிருந்தால் அது இப்போதுதான் தெரியவரும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றுக்கு 10¹⁴ பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரை வரலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். அது சுமார் 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே படிக்கும். ஆனாலும் நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளில் ஒன்று போனால், ரீபில்டுக்காகப் படிக்க வேண்டியது 24 டெராபைட். நடுவே இன்னொரு டிஸ்க்கும் விழுந்தால் மொத்த அரேயும் (ரெய்டாகச் சேர்ந்த டிஸ்க் தொகுப்பும்) போய்விடும். அரே டீகிரேடட் நிலையில் (டிஸ்க் குறைந்த நிலையில்) இன்னும் படிக்கக் கிடைக்கிறது என்றால், முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். ரீபில்ட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

‘ஃபெயில்டு’ என்று காட்டும் டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே முடிவு செய்வதும் தவறு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 197-ஆம் எண்ணைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. அது பூஜ்யமாக இருந்து, 199-ஆம் எண்ணான சிஆர்சி பிழை (தகவலை அனுப்பும் வழியில் வரும் பிழை) மட்டும் ஏறியிருந்தால், சந்தேகப்பட வேண்டியது கேபிளையோ ஸ்லாட்டையோதான். இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரை ஒரு நிமிடத்துக்கு மேல்கூட விடாமல் முயற்சி செய்துகொண்டிருக்கும். லினக்ஸ் கர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) வழக்கமாகக் காத்திருப்பது 30 நொடிதான். பதில் வரவில்லை என்று, ஓரிரு செக்டர் மட்டுமே கெட்ட டிஸ்க் முழுவதுமாக வெளியே தள்ளப்பட்டுவிடும். அப்படித் தள்ளப்பட்ட டிஸ்க்கில் உள்ள தகவல்தான் சில சமயம் மொத்த அரேயையும் காப்பாற்றுகிறது. தயவுசெய்து அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, அரேயை ‘மறுபடி உருவாக்குவது’. லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் கருவியில் அசெம்பிள் என்பது இருக்கும் அரேயைச் சேர்ப்பது. கிரியேட் என்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவது. கிரியேட் கொடுத்தால் பழைய சூப்பர்பிளாக் அழிந்துவிடும். டிஸ்க் வரிசை, சங்க் அளவு (ஒவ்வொரு டிஸ்க்கிலும் தகவலைப் பிரித்து எழுதும் துண்டின் அளவு), தகவல் தொடங்கும் இடம் என அரேயைப் பற்றிய குறிப்பெல்லாம் அதில்தான் இருந்தது. தகவல் தொடங்கும் இடம் எம்டிஆடம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது என்பதால், பழைய அரேயை ஊகித்து உருவாக்கினால் அச்சு அசலாக அமையாமல் போகலாம். ரெய்டு 5-ஆக இருந்தால், உருவாக்கிய கையோடு ரீசிங்க் தொடங்கி ஒரு டிஸ்க்கை மேலெழுத ஆரம்பித்துவிடும். ‘அஸ்யூம் கிளீன்’ என்று சேர்த்தால் ரீசிங்க் நடக்காது. ஆனால் அதைக் கடைசி வழியாக, நகல்களின் மேல் மட்டுமே செய்து பார்க்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன், ஒவ்வொரு டிஸ்க்கையும் எம்டிஆடமின் ‘எக்ஸாமின்’ கட்டளையால் பார்த்து, வரும் விவரம் முழுவதையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள். அதில் ‘ஈவென்ட்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும்; அரேயின் நிலை மாற மாற அது ஏறும். உதாரணத்துக்கு, நான்கு டிஸ்க்குகளில் இரண்டு 48210 என்றும், ஒன்று 48207 என்றும், ஒன்று 31977 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 48207 சற்று முன்புதான் கழன்ற டிஸ்க்; அசெம்பிளோடு ஃபோர்ஸ் கொடுத்தால் மற்ற இரண்டோடு ஒத்துப்போக நல்ல வாய்ப்பு உண்டு. 31977 எப்போதோ கழன்று, யாரும் கவனிக்காமல் கிடந்த டிஸ்க். அதை வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் பழைய தகவலும் புதிய தகவலும் கலந்து, திறக்கும் ஃபைல்கள்கூட உள்ளே குப்பையாக இருக்கும். நான்கும் வேண்டுமே என்று அவசரப்படாதீர்கள். ரெய்டு 5-க்கு மூன்று போதும்.

விண்டோஸில் டிஸ்க்கைச் செருகினால் ‘ஃபார்மேட் செய்யவா’, ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் கருவிகள் நல்லெண்ணத்தோடு நாசம் செய்பவை. டிஸ்க் வரிசை மாறிச் சேர்ந்த அரேயில் அப்படியொரு கருவியான எஃப்எஸ்சிகே ஓட்டினால், அது குழம்பிய தகவலைப் பிழை என்று எடுத்துக்கொண்டு ‘திருத்தி’ எழுதிவிடும். படிக்க மட்டும் மவுன்ட் செய்கிறேனே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் அந்த நிலையிலும் ஜர்னலை ஓட்டி எழுதும். மவுன்ட் கட்டளையில் ‘நோலோட்’ சேர்த்தால்தான் சும்மா இருக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ‘நோரெகவரி’.

சரி, பின்னே என்னதான் செய்வது? ஒவ்வொரு டிஸ்க்கையும் அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு நகலெடுங்கள். முதல் சுற்றில் சுலபமாக வருவதை மட்டும் எடுத்து, கெட்ட இடங்களைப் பிறகு முயலுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் அவசியம். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் உதவும். மூலம் எது, இலக்கு எது என்பதைச் சீரியல் எண்ணை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் தகவலின் மேல் எழுதப்படும். பிறகு மூல டிஸ்க்குகளை எடுத்து வைத்துவிட்டு, நகல்களின் மேல் ஓவர்லே போட்டு வேலை செய்யுங்கள். எழுதுவதெல்லாம் ஒரு தனி ஃபைலுக்குப் போகும். சரிவரவில்லை என்றால் அதை அழித்துவிட்டு வேறு வரிசையில் முயலலாம். மீட்கும் ஃபைல்களைச் சேமிக்க வேறு டிஸ்க் வேண்டும்.

சத்தம் போடும் டிஸ்க், கணினி கண்டுகொள்ளாத டிஸ்க், கொள்ளளவைத் தப்பாகக் காட்டும் டிஸ்க் ஆகியவற்றை நீங்கள் நகலெடுக்க முயலவே வேண்டாம். ஃப்ரீசரில் வைப்பதால் தட்டில் ஈரம் படியும். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் ஓடாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும். ஹெட் தட்டுக்கு மேலே மிதப்பது நானோமீட்டர் கணக்கில், ஆகவே மூடியைத் திறப்பது சுத்த அறை உள்ளவர்களின் வேலை. அவர்களிடம் அனுப்பும்போது முதலில் கழன்றது உட்பட எல்லா டிஸ்க்குகளையும், ஸ்லாட் குறிப்பையும், இதுவரை நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதிய தாளையும் சேர்த்து அனுப்புங்கள். வால்யூம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல்லையோ கீ ஃபைலையோ தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் ஒரு செக்டர் விடாமல் மீட்டாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.